ஆயம் தேடிச் சென்ற மகளிர்

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு 'ஆயம்' என்ற சொல் புதிதன்று. தலைவியுடன் ஆடியும் பூக்கொய்தும் நீராடியும் திரிகின்ற தோழியர் கூட்டமே ஆயம். அகப்பாடல்களில் நற்றாய் உண்டு, செவிலி உண்டு, தோழி உண்டு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் கூற்று உண்டு. ஆயத்துக்கோ தனிக் கூற்று இல்லை. ஆனால் ஆயம் இல்லாத தலைவியும் இல்லை. பெற்ற தாய்க்குத் தெரியாதது ஆயத்துக்குத் தெரியும். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து' என்றொரு பிரிவு இருக்கிறது. மகளைப் போகவிட்டபின் தாய் கொள்ளும் வருத்தமே அதன் பொருள். உடன்போக்குப் பாடல்களின் தாயர், மகள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் பார்ப்பதைப் போலவே, அவளுடைய ஆயத்தாரையும் பார்த்துக் கலங்குகின்றனர்.

மகளைக் காதலனோடு போகவிட்ட தாயரைப் பற்றி நம் இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. கல்விக்காகப் போகவிட்ட பெற்றோரைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. புதிய ஊரில், முன்பின் அறியாத பெண்களுக்கு நடுவில், தனக்கென ஓர் ஆயத்தைத் தேடிக்கொள்ள மகளை அனுப்புவது எளிய செயலன்று. அதைச் செய்த பெற்றோர் யாவர்? அவர்கள் மகளோடு எதை அனுப்பினார்கள், எதை அனுப்பாமல் விட்டார்கள்? இக்கட்டுரையில் நாம் காண விழைவது இதைத்தான்.

குரத்தியரும் மாணாக்கியரும்

பெண்கள் ஒன்றாகத் தங்கிக் கற்பது வெள்ளையர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோர் உளர். அது பிழை. கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவர்தம் மாணாக்கியரும் காணப்படுகின்றனர். வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் கல்வெட்டு இன்னும் வியப்பானது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்த சோழனின் காலத்தில் பொறிக்கப்பட்டது அது. கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவருடைய ஐந்நூறு மாணாக்கியரையும் அது குறிப்பிடுகிறது. அங்கே நானூறு துறவியர் கொண்ட மற்றொரு கூட்டமும் இருந்தது. இரு தரப்பாருக்கும் பிணக்கு மூண்டது. அப்போது ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவளிப்பதாக உறுதி கூறினர்.

இக்கல்வெட்டைச் சமண சமய வரலாற்றுக்குச் சான்றாக மட்டுமே நாம் படித்துவருகிறோம். மற்றொரு வகையிலும் படிக்கலாம். பெண்கள் கூடி வாழும் இடத்தில் அணிகள் உண்டாகும், பூசல் வரும், ஒரு கூட்டம் மற்றொன்றை ஏற்காது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான். அந்த நேரத்தில் வெளியிலிருந்த மூத்தோர் செய்தது என்ன? 'படித்தது போதும், வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைத்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. சோறும் காவலும் தந்து, கற்பது தொடர வழி செய்தனர்.

ஊர்ப்பேச்சைத் தாங்கிய தந்தையர்

இடைப்பட்ட நூற்றாண்டுகளைக் கடந்து 1886ஆம் ஆண்டுக்கு வருவோம். பெண் கல்வி வரலாற்றில் மறக்கவியலாத இருவர் அந்த ஓராண்டிலேயே பிறந்தனர். ஒருவர் சென்னையில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி. மற்றவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி.

சுப்புலட்சுமி, பொம்மை வைத்து விளையாடும் வயதில் மணமாகி உடனேயே கணவனை இழந்தவர். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ப் பள்ளிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அனுப்பினார். 1911இல் சுப்புலட்சுமி பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று இன்றும் போற்றப்படுபவர் அவர்.

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லி மெட்ரிகுலேஷன் தேற வைத்தார் தந்தை. கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டபின், 1904இல் இடம் கிடைத்தது. ஆண்கள் மட்டுமே பயின்ற வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார்.

இவ்விரு தந்தையரிடமும் பொதுவாக இருந்தது என்ன? செல்வம் என்று சொல்வதற்கில்லை. ஊர்ப்பேச்சு மகளின் காதில் விழுமுன் அதைத் தாங்கள் வாங்கிக்கொண்டார்கள். உறவினரின் ஏளனத்துக்கும் சாதியாரின் முணுமுணுப்புக்கும் விடை சொல்லும் சுமையை மகளின் தலையில் ஏற்றவில்லை. பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி இது.

ஆனால் இவ்விருவர்க்கும் கல்லூரி வாயில் திறந்ததே தவிர, ஆயம் கிடைக்கவில்லை. திரைக்குப் பின் தனியே அமர்ந்தவருக்குத் தோழியர் ஏது? அந்தக் குறை அவர்கள் மனத்தில் தைத்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஏனெனில் இருவருமே பிற்காலத்தில் கட்டியவை பெண்கள் கூடி வாழும் இல்லங்கள்தாம்.

அட்லாண்டிக்குக்கு அப்பால்

இதே காலத்தில் அமெரிக்கப் பெண்களுக்கும் இதே குறை இருந்தது. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரின் வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில், 1851இல், மாணவியர் சிலர் கூடி அடெல்ஃபியன் சங்கம் என ஒன்றைத் தொடங்கினர். படிப்பதும் விவாதிப்பதும் ஒருவர்க்கொருவர் துணையாவதுமே நோக்கம். பின்னர் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் கல்லூரிகள் பெருகின. ஆண் மாணவர்க்கு ஏற்கெனவே சங்கங்கள் இருந்தன. பெண்களுக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே பெண்கள் தமக்கெனச் சங்கங்களை நிறுவினர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் தோன்றிய சங்கம் ஒன்றன் பொருட்டு லத்தீன் பேராசிரியர் ஃப்ராங்க் ஸ்மாலி முன்மொழிந்த சொல்லே 'சொராரிட்டி' என்பர். லத்தீனில் சகோதரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் சகோதரியர் சங்கம் எனலாம். நமக்கு ஆயம் என்ற சொல்லே போதும்.

ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய இச்சங்கங்கள் வளர்ந்தபின் தாமே ஒதுக்கக் கற்றுக்கொண்டன. புதிய மாணவியரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை உருவாயிற்று. பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் சில நாட்கள் இது நடக்கும். மாணவியர் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு சங்கத்தாரோடும் உரையாடுவர். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பாரும் தத்தம் விருப்பத்தை வரிசைப்படுத்துவர். இறுதி நாளில் சிலருக்கு அழைப்பு வரும், சிலருக்கு வராது. தாய் முன்பு உறுப்பினராக இருந்தால் மகளுக்குச் சலுகை தரும் வழக்கமும் நெடுநாள் இருந்தது; அண்மைக் காலத்தில் பல சங்கங்கள் அதைக் கைவிட்டன. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த இறுதி நாள் எத்தகையதாக இருக்கும் என்பதைப் பெண் பார்க்கும் படலம் அறிந்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. எனவே வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று கறுப்பின மாணவியர் தமக்கெனத் தொடங்கினர் 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' சங்கத்தை. ஒதுக்கப்பட்டவர் மீண்டும் ஒரு வீடு கட்டிய கதை இது.

யார் எழுப்பிய சுவர்?

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உள்ளது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாயிலில் நின்றது 1963இல். சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2013 செப்டம்பரில், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. வெள்ளையர் சங்கங்களில் இருந்த மாணவியர் சிலர் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள விரும்பினர். பழைய உறுப்பினர்களான மூத்த பெண்மணிகள் குறுக்கிட்டுத் தடுத்தனர் என்பதே அச்செய்தி. மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். அதன்பின் கதவு திறந்தது. இளையோர் திறக்க முயன்ற கதவை மூடிப்பிடித்தவர்கள் அவர்களுடைய தாயர் தலைமுறையினர்.

இதை அமெரிக்கரின் நிறவெறி என்று சொல்லிக் கடந்துவிட நமக்கு உரிமையில்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தை நினைவுகொள்வோம். அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த பூசல் தமிழக அரசியலையே திருப்பிப்போட்டது. அத்தனிப்பந்தியைக் கேட்டவர்கள் சிறுவர்களல்லர், அவர்களைப் பெற்றவர்கள். மகனோடு பெட்டி படுக்கையை மட்டும் அனுப்பாமல் வீட்டின் வேலியையும் பிடுங்கி அனுப்பினார்கள்.

சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் நடத்திய விடுதியும் பிராமண விதவைகளுக்கென்றே இருந்தது. மற்றச் சாதியாரோடு சேர்ந்து உண்ண வேண்டுமென்றால் பெற்றோர் பெண்களை அனுப்பவே மாட்டார்கள் என்பது அன்றைய நிலை. அவ்விடுதியால் வாழ்வு பெற்ற பெண்கள் பலர். அதன் பயனைக் குறைத்துச் சொல்வது நன்றியாகாது. அதன் எல்லையை மறைப்பதும் வரலாறாகாது.

அந்த எல்லை 1930இல் வெளிப்பட்டது. தேவதாசி முறையினின்று விடுபட விரும்பிய சிறுமியர் சிலர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர் அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றார். பிராமணப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை. பிராமணரல்லாதார் விடுதியிலும் இடமில்லை. எந்த ஆயமும் ஏற்காத அப்பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் முத்துலட்சுமி. ஔவை இல்லம் அவ்வாறுதான் பிறந்தது. ஹோவர்டில் 1908இல் நிகழ்ந்ததும் சென்னையில் 1930இல் நிகழ்ந்ததும் வேறு வேறல்ல. ஒரே வேறுபாடு, இங்கே வீட்டைக் கட்டியவர் திரைக்குப் பின் அமர்ந்து படித்த ஒரு மகள். இப்போது தாயின் இடத்தில் நின்றார்.

வைகையின் வடகரையில்

இனி நம் தல்லாகுளத்துக்கு வருவோம். மதுரைச் சீமைப் பெண்ணொருத்தி பெண்கள் கல்லூரியில் பயில வேண்டுமாயின், முன்னாளில் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே சாரா டக்கர் கல்லூரி 1895இல் தோன்றியிருந்தது. அன்றேல் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே ராணி மேரிக் கல்லூரி 1914இலும், பெண்கள் கிறித்துவக் கல்லூரி 1915இலும் தொடங்கப்பட்டன. ரயிலேற்றி அனுப்பத் துணிந்த குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்?

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், தல்லாகுளத்தில் லேடி டோக் கல்லூரி பிறந்தது. நிறுவியவர், மதுரையில் கேப்ரன் ஹால் பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் பணிபுரிந்த கேட்டி வில்காக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. மதுரா மில்லைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் டோக்கின் துணைவியார் பெயரையே கல்லூரி தாங்கிநிற்கிறது. 1953இல் பாத்திமா கல்லூரியும், 1965இல் அரசு மீனாட்சி பெண்கள் கல்லூரியும் தொடர்ந்து வந்தன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பெண்கள் ஆற்றங்கரைக்கு வரலாயினர். தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண் என்று சொல்லத்தக்கவர் அவர்களுள் பலர்.

கல்லூரிப் பாடத்திட்டம் பற்றியும் கட்டடங்கள் பற்றியும் ஆண்டு மலர்களில் எழுதிவைத்துள்ளார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி எழுதியவர் குறைவு. நம் எண்ணத்தில், இவ்வட்டாரத்துப் பெண்களின் சமூக வரலாறு அங்கேதான் திரும்பியது. ஊரில் ஒரே தெருவில் நடக்காத இரு குடும்பத்துப் பெண்கள், இங்கே ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே சாம்பாரைக் குறைகூறிச் சாப்பிட்டார்கள். தேர்வுக்கு முன்னிரவு ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், நெற்றியில் கைவைத்துப் பார்த்தவள் இன்ன சாதியென்று கேட்க நேரமிருந்திராது.

தல்லாகுளம் பெருமாள் கோயிலில்தான், சித்திரைத் திருவிழாவின்போது, வைகையில் இறங்குமுன் அழகர் ஆண்டாள் சூடிய மாலையை அணிந்துகொள்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது அம்மாலை. பெரியாழ்வார் மகளைப் பிரிந்த தாயின் குரலிலும் பாடியவர். தம் ஆயத்தாரைத் துயிலெழுப்பிக் கூட்டிச்செல்லும் பாவைப்பாட்டைப் பாடியவள் அவர் மகள். பிரியும் தந்தையும் ஆயத்தோடு செல்லும் மகளும் ஒரே வீட்டில் இருந்து பாடிய மரபு நம்முடையது. அது ஏனோ விடுதிக்கு மகளை விட வரும்போது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

கடல் கடந்த ஒரு மகள்

பெண்ணோடு கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது. 1958இல் சியாமளா கோபாலன் என்ற பத்தொன்பது வயதுத் தமிழ்ப்பெண் துணையின்றித் தனியாகவே கடல் கடந்தார். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்து முடித்தவர், வீட்டாரிடம் சொல்லாமல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து இடமும் பெற்றுவிட்டார். தந்தை பி.வி. கோபாலன் அரசு அலுவலர். மறுக்கவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து முதலாண்டுச் செலவுக்குப் பணம் தந்து அனுப்பினார்.

பணம் கொடுத்தவர் நிபந்தனை விதிக்கவில்லை என்பதே இதில் பெரிது. சியாமளா பெர்க்லியில் தமக்கென ஓர் ஆயத்தைத் தாமே தேடிக்கொண்டார். அது குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட கறுப்பின மாணவர்களின் வட்டம். பிற்காலத்தில் தம் மகள்களையும் அவ்வட்டத்தின் பெண்களுக்கு நடுவிலேயே வளர்த்தார். மூத்த மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1986இல், நாம் மேலே கண்ட ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்தில் சேர்ந்தார். 2021 ஜனவரி 20 அன்று அவர் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது கழுத்தில் முத்துமாலை இருந்தது. முத்து அச்சங்கத்தின் அடையாளம். கமலாவின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். நாம் சுட்டவிரும்புவது, கோபாலனின் சேமிப்புப் பணத்துக்கும் அந்த முத்துமாலைக்கும் உள்ள தொடர்பை மட்டுமே.

இன்று அமெரிக்காவில் வாழும் நம்மவர் மகள்களும் சொராரிட்டித் தேர்வுக்குப் போகிறார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1998இல் தெற்காசியப் பெண்களே தமக்கென ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். மகளுக்கு அழைப்பு வராவிட்டால் என்ன சொல்வது என்று கலங்கும் பெற்றோர் அங்கே உண்டு. நம் பிள்ளை யாரோடு சேருகிறாளோ என்று கலங்கும் பெற்றோர் இங்கே உண்டு. இரண்டும் ஒரே கலக்கத்தின் இரு முகங்கள்.

பெற்றோர்க்கு வரலாறு சொல்வது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நமக்குப் புலப்படுவது இதுதான். செலவுக்குப் பணமும், ஊர்ப்பேச்சைத் தாங்கும் தோளும், மகளின் தேர்வில் தலையிடாத நாவும் பெற்றோர் தரக்கூடிய உதவிகள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஆசிரியப் பணியில் நாம் ஆண்டுதோறும் காண்பது ஒன்றுண்டு. மகளை விடுதியில் சேர்க்க வரும் பெற்றோருள் சிலர், 'நம்ம ஊர்ப் பிள்ளையோட அறை போடுங்க' என்று வேண்டுவர். 'நம்ம ஊர்' என்பதற்கு என்ன பொருளென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். வாளியும் பாயும் டிரங்குப் பெட்டியும் இறக்கிவைத்தபின் இந்த ஒரு சுமையை மட்டும் இறக்காமல் மகளிடமே விட்டுச்செல்கிறார்கள். பின்னர் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் யாரோடு சாப்பிட்டாய், யாரோடு கடைக்குப் போனாய் என்ற விசாரணை. அப்பெண் மூன்றாண்டும் விடுதியில் இருந்தாலும் உண்மையில் வீட்டை விட்டு வந்தவளே அல்லள்.

தலையிடாமை என்பது கவனியாமை அன்று. 1996இல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் பகடிவதையில் கொல்லப்பட்டபின், 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. கூட்டத்தில் சேரும்பொருட்டு இழிவைத் தாங்க வேண்டியதில்லை என்று மகளுக்குச் சொல்லி அனுப்புவது பெற்றோர் கடமை. எந்த நேரத்திலும் அழைக்கலாம், எதற்கும் ஏசமாட்டோம் என்ற உறுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரோடு பழகுகிறாய் என்று கேட்பதைவிட, அவர்களோடு இருக்கும்போது நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது மேல்.

ஓர் ஆயம் மகளை ஏற்காமல் போகலாம். அப்போது அவளிடம் குறைதேடும் பெற்றோர் அந்தக் கூட்டத்தின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். சில நாட்கள் சோறிட்டு, காரணம் கேளாமல், மீண்டும் பேருந்தேற்றி அனுப்பும் வீடு இருந்தால் போதும். வேடல் ஊரார் செய்தது அவ்வளவே. அத்தகைய வீடு வாய்த்த பெண் வேறோர் ஆயத்தைத் தேடிக்கொள்வாள். அதுவும் கிடைக்காவிட்டால், முத்துலட்சுமியைப் போல் தானே ஒன்றைத் தொடங்குவாள். தன்னை ஏற்காதவர்கள் செய்ததைத் தான் பிறர்க்குச் செய்யாதிருக்கவும் கற்றுக்கொள்வாள் என்று நம்புவோம்.